பிரேக் ஆயில் மூடியில் ஒரு சந்தனப் பொட்டு

எனக்குப் பயம் அதிகம். குக்கர் விசில் வரக் கொஞ்சம் தாமதமானாலே அடுப்படியை விட்டு வெளியே வந்து நின்றுகொள்கிறவள் நான். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்தவரோ, நடுரோட்டில் நின்றுபோன கார்களை ஏற்றிக்கொண்டு வருகிற தொழில் செய்கிறார். காரைக்குடியில் எங்கள் ரெக்கவரி வண்டியைத் தெரியாதவர்கள் குறைவு. மஞ்சள் வண்டி, பின்னால் நீளமான இரும்புத் தட்டு. தட்டு சரிந்து இறங்கும், இரும்பு வடம் காரை இழுத்து மேலே ஏற்றும், பிறகு தட்டு பழையபடி நிமிர்ந்துகொள்ளும். அவர் சிங்கப்பூர் வேலையை விட்டு வந்ததும் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. போன் எடுத்து, எந்த ஊர், என்ன கார், எப்படி நிற்கிறது என்று கேட்டுச் சொல்வது என் வேலை. அவர் கிளம்பியதிலிருந்து திரும்பும்வரை பயந்துகொண்டிருப்பதும் என் வேலைதான், அதை யாரும் எனக்குக் கொடுக்கவில்லை என்றாலும்.

என் பயமெல்லாம் இரண்டு எண்ணெய்களைப் பற்றியது. ஒன்று கிரவுன் ஆயில். பின் சக்கரங்களுக்கு நடுவே உருண்டையாக ஒரு இரும்பு வயிறு தொங்குமே, டிஃபரன்ஷியல், அதற்குள் சக்கரங்களைச் சுழற்றுகிற பல்சக்கரங்கள் தேயாமல் காப்பது. மற்றொன்று பிரேக் ஆயில். பானெட்டைத் திறந்தால் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் இருக்கும். எங்கள் வண்டிக்குக் காற்று பிரேக் கிடையாது. காலால் அழுத்தினால் இந்த எண்ணெய்தான் குழாய் வழியாக ஓடிப்போய்ச் சக்கரத்தை நிறுத்த வேண்டும். ஒரு டம்ளர் எண்ணெயை நம்பி ஒரு வண்டி, அதன் முதுகில் இன்னொரு வண்டி.

வண்டியோடு வந்த கையேட்டை முதல் சொந்தக்காரர் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் கொடுத்திருந்தார். நான் பிரித்துப் படித்தேன். பாரம் சுமக்கிற வண்டிகளுக்குத் தனியாகவே சொல்லியிருந்தார்கள். சாதாரண வண்டி ஓட வேண்டிய தூரத்தில் பாதி ஓடியதுமே கிரவுன் ஆயிலை மாற்றிவிட வேண்டும். தண்ணீருக்குள் இறங்கி ஏறினால் தூரமெல்லாம் பார்க்காமல் உடனே திறந்து பார்க்க வேண்டும். பிரேக் ஆயிலுக்குக் கிலோமீட்டர் கணக்கு மட்டும் போதாது, காலண்டரையும் பார்க்க வேண்டும். வண்டி கொட்டகையில் சும்மா நின்றாலும் அது காற்றில் இருக்கிற ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும், மழைக்காலத்து உப்பு ஜாடி மாதிரி. ஈரம் சேர்ந்த எண்ணெய் சூடேறினால் கொதித்துவிடும். கொதித்துவிட்டால் காலுக்கடியில் பிரேக் இருக்காது. இதைப் படித்த நாளிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று.

“என்னங்க, பிரேக் ஆயில் மாத்துனீகளா?”

“கிலோமீட்டரே ஓடலயே புள்ள.”

எப்போது கேட்டாலும் இதே பதில். பொய்யும் இல்லை. அரியக்குடியில் ஒரு கார், கொத்தமங்கலத்தில் ஒரு கார், ஏற்றிக்கொண்டு வந்து பட்டறையில் இறக்கினால் முடிந்தது. மீட்டர் மெதுவாகத்தான் நகரும். “நம்ம ஊர்ல மலையா இருக்கு? குன்றக்குடி ஒண்ணு இருக்கு, அதுலயும் நடந்துதான் ஏறணும்” என்று கிண்டல் வேறு. மேலும் வற்புறுத்தினால் பானெட்டைத் தூக்கி டப்பாவைக் காட்டுவார். “லெவல் இருக்கு பாரு.” குறைந்திருந்தால் கேனிலிருந்து கொஞ்சம் ஊற்றி நிரப்புவார். பழையதை இறக்கிவிட்டுப் புதியதை விடுவது என்ற பேச்சே கிடையாது. அவரைப் பொறுத்தவரை எண்ணெய் இருந்தால் போதும், எப்படி இருக்கிறது என்பது கேள்வி இல்லை.

ஆனால் ஆயுத பூஜைக்கு மட்டும் அந்த வண்டிக்கு நடக்கிற உபசாரத்தைப் பார்க்க வேண்டும். எங்கள் பட்டறைக்காரர்கள் எல்லோரும் பூஜைக்கு முதல்நாள் வண்டிகளைக் கண்மாய்க்கு ஓட்டிப்போவார்கள். சாமி கும்பிடுகிற வண்டியில் பொட்டுத் தூசி இருக்கக் கூடாது. நான் சொல்ல வந்த வருஷம் ஆவணியிலேயே நல்ல மழை, கண்மாயில் தண்ணீர் கிடந்தது. இவர் கொத்தமங்கலத்திலிருந்து ஒரு காரைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, வண்டி சூடு ஆறுவதற்குள் நேரே கரையிலிருந்து தண்ணீருக்குள் விட்டார். பின் சக்கரம் பாதி முங்கியது. “கிரவுன் முங்குதுங்க, ஏத்துங்க!” என்று நான் கரையிலிருந்து கத்தினேன். சூடாக இருக்கிற கிரவுன் குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால், அதற்கு மூச்சுவிட வைத்திருக்கிற துவாரம் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுக்கும் என்று கையேட்டில் இருந்தது. அவருக்கு என் குரல் பழகிப்போய்விட்டது. சிரித்துக்கொண்டே வாளியில் மொண்டு மொண்டு ஊற்றினார்.

அதோடு விடவில்லை. எஞ்சினில் கழற்ற முடிந்த மூடிகளையெல்லாம் கழற்றினார். ரேடியேட்டர் மூடி, எஞ்சின் ஆயில் மூடி, பிரேக் ஆயில் மூடி. எல்லாவற்றையும் குத்துவிளக்கு துலக்குகிற மாதிரி தேய்த்து, கண்மாய்த் தண்ணீரில் அலசி, வேட்டி நுனியில் துடைத்து, மறுபடி மாட்டினார். வருஷா வருஷம் செய்வதுதான். மறுநாள் ஒவ்வொரு மூடியிலும் சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்து, நடுவில் குங்குமம் வைத்தார். பிரேக் ஆயில் மூடிக்கு மட்டும் கொஞ்சம் பெரிய பொட்டு. “இதுதாம் புள்ள நம்ம உசுரக் காக்குறது” என்றார். நானும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

பூஜை முடிந்து விஜயதசமி வரை வண்டியில் ஸ்பேனர் வைக்கக் கூடாது என்பது பட்டறை வழக்கம். அது கழிந்ததும் நான் பிடித்த பிடியில் கிரவுன் நட்டைத் திறந்தார். பால் அதிகமாக ஊற்றிய காபி மாதிரி ஒன்று வழிந்தது. எண்ணெயின் நிறமே இல்லை. அவர் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். அன்றைக்கே முழுவதும் இறக்கிப் புது எண்ணெய் விட்டார். “பிரேக் ஆயிலையும் மாத்திருங்க” என்றேன்.

“கிரவுன் தண்ணிக்குள்ள முங்குச்சு, உள்ள போயிருச்சு. சரி. பிரேக் ஆயிலு மேல இருக்கு. அங்குட்டு எப்படித் தண்ணி போகும், சொல்லு பாப்போம்?”

மூடி கழுவியதை என் கண்ணாலேயே பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. பாதிப் பயம் தீர்ந்ததே என்று அதோடு விட்டுவிட்டேன்.

ஐப்பசிக் கடைசியில் அந்த போன் வந்தது. பேசியவர் அரியக்குடிப் பையன், ஐப்பசி முகூர்த்தத்தில் கல்யாணமானவர். மனைவியோடு கொடைக்கானல் போன இடத்தில் கார் கிளட்ச் கருகிவிட்டது. “அங்க ரெக்கவரி வண்டி இருக்குமே தம்பி?” என்று கேட்டேன். இருக்கிறதாம். ஆனால் அவர்கள் கம்பெனி ஷோரூமில்தான் கொண்டுபோய் விடுவார்கள், ஷோரூம்காரர்கள் காரை வாங்கியவருக்கு போன் செய்வார்கள், வாங்கியவர் மாமனார். “கல்யாணத்துக்குக் குடுத்த காருக்கா. ஒரு மாசம் ஆகுறதுக்குள்ள கிளட்ச எரிச்சுட்டேன்னு தெரிஞ்சா அவுக மூஞ்சியில நான் எப்படி முழிக்கிறது? நம்ம ஊர் பட்டறையில சத்தமில்லாம சரி பண்ணிருவோம்க்கா. அண்ணன வரச் சொல்லுங்க.”

மாமனாருக்குப் பயந்து ஒருவர் எங்கள் வண்டியை மலையேறச் சொன்னார். மலைக்குப் போக வேண்டும் என்று இவரிடம் சொன்ன கையோடு, “நானும் வர்றேன்” என்றேன். எதற்கு என்று கேட்டார். அவரைத் தனியாக விட்டுவிட்டு வீட்டில் உட்கார முடியாது, அவ்வளவுதான். “கொடைக்கானல் பாக்கணும்னு ஆசைன்னு சொல்லேன்” என்று சிரித்தார்.

திருப்பத்தூர், நத்தம், திண்டுக்கல், வத்தலக்குண்டு என்று போய் மலையேறினோம். ஏறும்போது ஒன்றும் இல்லை. ஏறுகிற வண்டிக்குப் பிரேக் எதற்கு? மேலே அந்தப் பையனும் பெண்ணும் காருக்குப் பக்கத்தில் குளிரில் நடுங்கிக்கொண்டு நின்றார்கள். பெண்ணின் கழுத்தில் தாலிக் கயிற்றின் மஞ்சள்கூட வெளுக்கவில்லை. காரைத் தட்டில் ஏற்றிச் சக்கரங்களைக் கட்டினோம். முன்னால் டிரைவரைத் தவிர இரண்டு பேர் உட்காரலாம். நான் வந்திருந்ததால் ஒரு இடம்தான் மிச்சம். பெண்ணை என்னோடு வரச் சொன்னேன். அவள் புருஷன் கையை விடவில்லை.

“நாங்க ரெண்டு பேரும் கார்லயே உக்காந்துக்கிறோம்க்கா.”

தட்டில் ஏற்றிய காருக்குள் ஆள் உட்காரக் கூடாது. இவருக்கும் தெரியும். “பஸ்ஸெல்லாம் நெரிசலா கெடக்கு புள்ள, வத்தலக்குண்டு வரைக்கும்தான்” என்று ஏற விட்டுவிட்டார். நான் மட்டும் பயத்தில் கூடக் கிளம்பி வந்திருக்காவிட்டால், அவர்கள் இருவரும் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

இறங்கத் தொடங்கினோம். மதியம்தான், ஆனால் மூடுபனி. என் பக்கம் பள்ளம், அவர் பக்கம் மலை. கேபினுக்குப் பின்னால் ஒரு கண்ணாடி உண்டு. அதில் பார்த்தால் காரின் முன்கண்ணாடியும், அதற்குள் அவர்கள் முகமும் நேரே தெரியும். அந்தப் பெண் போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துக் கையாட்டினாள். நானும் ஆட்டினேன்.

பாதி மலை இறங்கியிருப்போம். கருகிய வாடை வந்தது. முதலில் அந்தக் காரின் கிளட்ச் வாடைதான் என்று நினைத்தேன். பிறகு அவர் காலைப் பார்த்தேன். ஒருமுறை அழுத்தினால் நிற்க வேண்டிய வண்டிக்கு இரண்டு முறை, மூன்று முறை அழுத்திக்கொண்டிருந்தார். அதுதான் எனக்கு முதல் கிலி.

“என்னங்க?”

“பேசாத.”

அடுத்த வளைவில் மிதித்தார். மிதி அப்படியே தரையைத் தொட்டது. சேற்றில் கால் போன மாதிரி தடையே இல்லாமல் போனதை நான் பார்த்தேன். கியரைக் குறைத்தார், எஞ்சின் அலறியது, வண்டி கொஞ்சம் தயங்கிவிட்டு மறுபடி ஓடியது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். ஏதோ பல்லைக் கடிப்பதுபோலச் சத்தம் வந்ததே தவிர நிற்கவில்லை. பின்னால் இருந்த பாரம் எங்களைத் தள்ளிக்கொண்டே இருந்தது. என் பக்கக் கண்ணாடிக்கு வெளியே மரங்களின் உச்சி மட்டும்தான் தெரிந்தது, அடிமரம் தெரியவில்லை. கத்தினால் அவர் கவனம் சிதறிவிடும் என்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். திரும்பிப் பார்த்தேன். அந்தப் பெண் புருஷன் தோளில் சாய்ந்துகொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். வண்டி வேகமாகப் போவது அவளுக்குப் பிடித்திருந்தது போலிருக்கிறது.

கொஞ்ச தூரத்தில், எதிர்ப்பக்கம் மலையோரமாக, ரோட்டு வேலைக்குக் கொட்டிய சல்லிக் குவியல் பனிக்குள் மங்கலாகத் தெரிந்தது. அதில் ஏற்ற வேண்டுமென்றால் ரோட்டைக் குறுக்கே கடக்க வேண்டும். கீழேயிருந்து பஸ் ஏறி வருகிற பக்கம் அது. வளைவுக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை.

“எதுத்தாப்புல வண்டி வருதா, பாத்துச் சொல்லு!”

“தெரியலங்க…”

“சொல்லு புள்ள!”

ஜன்னலை இறக்கித் தலையை வெளியே நீட்டிக் காது கொடுத்தேன். ஹாரன் சத்தம் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதற்காக வரவில்லை என்று ஆகிவிடாது. என்னைப் போன்ற பயந்தாங்கொள்ளி, நான்கு உயிருக்கும் சேர்த்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருந்தது. “திருப்புங்க” என்றேன்.

திருப்பினார். சல்லிக்குள் முன்சக்கரம் புதைந்து, வண்டி குலுங்கி, ஒருபக்கமாகச் சாய்ந்து நின்றது. என் நெற்றி கண்ணாடியில் இடித்தது. எஞ்சின் அணைந்தபிறகு ஒரு பஸ் எங்களை உரசுகிற மாதிரி ஹாரன் அடித்துக்கொண்டு மேலே ஏறிப் போனது.

காரின் ஸ்பிரிங் குலுக்கலை வாங்கிக்கொண்டது போலும், பின்னால் கார்க் கண்ணாடி சாவகாசமாக இறங்கியது. “என்னண்ணே, டீ குடிக்க நிப்பாட்டுனீகளா?”

“ஆமா தம்பி. வண்டி கொஞ்சம் சூடாயிருச்சு” என்றார் இவர். உயிர் தப்பியது அவர்களுக்குத் தெரியவில்லை.

ஸ்டியரிங்கை விடாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு காலால் மெதுவாக மிதித்துப் பார்த்தார். மறுபடி மிதித்தார். மிதி கல் மாதிரி நின்றது. எண்ணெய் ஆறியதும் பிரேக் திரும்பி வந்துவிட்டது. அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். “வந்துருச்சு புள்ள! ஒண்ணுமில்ல. மெதுவா ரெண்டாவது கியர்லயே எறங்கிருவோம்.”

மிதி தரையைத் தொட்டபோதுகூட நான் இவ்வளவு பயப்படவில்லை. வராத பிரேக்கை யாரும் நம்ப மாட்டார்கள். வந்துபோகிற பிரேக்கை நம்பித்தான் ஆட்கள் சாகிறார்கள். சாவியை உருவி முந்தானையில் முடிந்துகொண்டு கீழே குதித்தேன். நேரே போய்க் கார்க் கதவைத் திறந்தேன்.

“ரெண்டு பேரும் எறங்குங்க.”

“ஏங்க்கா? சொகமாத்தான இருக்கு.”

“எறங்குன்னா எறங்கு! சொல்லிக்கிட்டே இருக்கேன், என்ன கேள்வி?”

அந்தப் பெண் முகம் வாடி இறங்கினாள். அடுத்து இறங்கி வந்த வத்தலக்குண்டு பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தி, நெரிசலோடு நெரிசலாக இருவரையும் ஏற்றிவிட்டேன். இவருக்குக் கோபம். “வந்தவுக முன்னாடி மானத்த வாங்கிட்ட. சாவியக் குடு.”

“நான் செத்தாலும் குடுக்க மாட்டேன். கீழேயிருந்து மெக்கானிக்க வரச் சொல்லுங்க.”

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. அவர் அதிர்ந்துபோய்ப் போனை எடுத்தார்.

மெக்கானிக் பைக்கில் புது பிரேக் ஆயில் கேன்களோடு வந்து சேர்ந்தார். டப்பாவிலிருந்து பழையதை ஒரு வெள்ளை மக்கில் உறிஞ்சி எடுத்தார். கடுங்காப்பி நிறம். டப்பாவின் அடியில் மஞ்சளும் சிவப்புமாக ஏதோ படிந்திருந்தது. விரலால் வழித்து முகர்ந்து பார்த்தார்.

“என்னண்ணே, சந்தனமா இருக்கு? இதுக்குள்ள எப்படி வந்துச்சு?”

எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. வருஷா வருஷம் அந்த மூடியைக் கழற்றிக் கண்மாய்த் தண்ணீரில் அலசி, ஈரத்தோடு மாட்டியிருக்கிறார். ஊற்றி நிரப்பத் திறக்கும்போதெல்லாம் காய்ந்த பொட்டு உதிர்ந்து உள்ளே விழுந்திருக்கிறது. நான் கண்ணில் ஒற்றிக்கொண்ட சந்தனம் அது. இவர் ரோட்டோரச் சுவரில் போய் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் போனதும், பள்ளத்தைப் பார்த்தபடியே, “ரொம்பப் பயந்துட்டேன் புள்ள” என்றார். அவர் வாயில் அந்த வார்த்தையை அன்றுதான் கேட்டேன். எனக்கு அழுகை வந்தது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் வாக்குவாதம் இல்லை. வருஷத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயில் முழுவதும் இறங்கிப் புதியது ஏறும். கிரவுன் ஆயில் பாதித் தூரத்திலேயே மாறும். கண்மாய்க்கு வண்டி போவதில்லை. கொட்டகையில் ஈரத் துணியால் துடைப்பதோடு சரி. பொட்டு எல்லாம் வெளியே, பம்பரில். மூடிகளுக்குப் பக்கத்தில் சந்தனக் கிண்ணம் போனால் நான் காவலுக்கு நிற்பேன். மற்ற பட்டறைக்காரர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

போன மாதம் அந்த அரியக்குடிப் பையனும் பெண்ணும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். கையில் குழந்தை, காதுகுத்து அழைக்க வந்திருந்தார்கள். வாசலில் அதே கார். அன்றைக்கு மலையில் நடந்ததை நாங்கள் அவர்களிடம் இன்றுவரை சொல்லவில்லை. “அக்கா, அன்னைக்கு எங்கள என்னா வெரட்டு வெரட்டுனீக! ஆனா அந்தக் கார்ல ஒக்காந்து எறங்கி வந்தது இருக்கே, ஏரோபிளேன் மாதிரி. இப்பவும் அந்த வீடியோவத்தான் பாத்துக்கிட்டு இருப்போம்” என்றாள் அந்தப் பெண். குழந்தையை என் மடியில் வைத்தாள். பெண் குழந்தை. என்னை உற்றுப் பார்த்துவிட்டுச் சிரித்தது. இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

முடி இறக்கிக் காது குத்தப் பழனி போகிறார்களாம், அங்கிருந்து அப்படியே கொடைக்கானல். “மறுபடியும் மலைக்கா?” என்றேன். “ஆமாக்கா, இந்தக் கார்லதான்” என்றார் பையன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

“கார்ல பிரேக் ஆயில் எப்ப தம்பி மாத்துனீக?”

“அதுக்குள்ளயாக்கா? கிலோமீட்டரே ஓடலயே.”

கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் குழந்தையை இறக்கவில்லை. அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, கார்ச் சாவிக்காகப் பையனிடம் கையை நீட்டினார்.